பழகிடும் என்கிற பொய்

போன டிசம்பரில் எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்தில் நான் வைத்த ஒரு கோரிக்கை மூன்றே நிமிடத்தில் தள்ளுபடியானது. ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது எங்கள் கட்டடம். இருபத்து நான்கு வீடுகள். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனுக்கென்று ஒரு கூண்டு. மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் திறந்தவெளி. அதற்கு ஒரு கதவு போடலாம், உள்ளே ஒரு கட்டிலும் இரண்டு நல்ல கம்பளியும் வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். வீட்டுக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாயில் முடிகிற காரியம்.

செக்ரட்டரி சிரித்தார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். "வந்து நாலு மாசந்தானுங்க தம்பி ஆகுது. நம்மூர்க் குளுரு ஒரு குளுருங்களா? பழகிடுமுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு.

வாட்ச்மேனுக்கு அறுபது தாண்டியிருக்கும். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று இங்கே வந்தார். மார்கழி விடியலில் பால் பாக்கெட் எடுக்கக் கீழே போனால் தலையைச் சுற்றித் துண்டும் மடியில் ஒரு காலி அரிசிச் சாக்குமாக உட்கார்ந்திருப்பார். "குளுருதாய்யா?" என்று கேட்டால், "பழகிரும் சார்" என்பார். நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை நமக்கே ஒப்பிக்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. பழகிடும். தமிழில் இவ்வளவு அன்பாக ஒலிக்கும் இன்னொரு கைகழுவல் எனக்குத் தெரியாது.

இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வெயில் ஊரிலிருந்து வந்தவரிடம் "பழகிடும்" என்போம். குளிர் ஊரிலிருந்து வந்தவரைப் பற்றி "அவுங்களுக்கெல்லாம் பழகியிருக்குமுங்க" என்போம். கட்டடம் கட்டும் இடங்களில் தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் பீகார்ப் பையன்களைப் பற்றி எத்தனை தடவை இதைக் கேட்டிருக்கிறேன். தெற்கிலிருந்து வந்தவருக்குக் கம்பளி வேண்டாம், இனிமேல் பழகிவிடும். வடக்கிலிருந்து வந்தவருக்கும் கம்பளி வேண்டாம், ஏற்கெனவே பழகிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கம்பளி மட்டும் மிச்சமாகிறது.

*

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை? நானும் இதைச் சொன்னவன். சொல்லி ஒருவனை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனவன்.

2014 நவம்பரில் வேலைக்காக டெல்லி போனேன். ஆர்.எஸ்.புரத்தை விட்டு ஆர்.கே.புரத்துக்குப் பக்கத்தில் குடியேறினேன், எழுத்து ஒன்றுதான் மாறியது என்று நண்பர்களிடம் ஜோக் அடித்தேன். முனிர்காவில் மூன்றாவது மாடியில் ஓர் அறை. அம்மா பெட்டி நிறைய திருப்பூர்ப் பனியன் துணியில் தைத்த முழுக்கைச் சட்டைகளையும் ஒரு மங்கி குல்லாவையும் வைத்து அனுப்பியிருந்தார். "நாமெல்லாம் கோயமுத்தூர்க்காரங்க கண்ணு, ஊட்டிக் காத்து அடிக்கிற ஊரு. குளுரு நமக்கென்ன புதுசா?"

புதுசுதான். கோவையில் டிசம்பர் இரவுகள் சாதாரணமாக 18, 19 டிகிரியை ஒட்டி நிற்கும். அதற்கே நாம் ஸ்வெட்டர் போட்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வீட்டு வசதிக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், குளிர்காலத்தில் வீட்டுக்கு உள்ளே குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரின் மார்கழி நடுஇரவு, வெட்டவெளியில், அவர்கள் வீட்டுக்குள் கேட்கும் குறைந்தபட்சம். இதை வைத்துக்கொண்டுதான் குளிர் தெரிந்தவர்கள் என்று பெருமை பேசுகிறோம்.

டெல்லியின் ஜனவரி இரவு 7, 8 டிகிரி. எண்ணைவிட மோசம் வீடு. அந்த ஊர் வீடுகள் மே மாத வெயிலை நினைத்துக் கட்டியவை. ஒற்றைச் செங்கல் சுவர், சில்லிடும் தரை, மூடவே முடியாத பாத்ரூம் ஜன்னல். மதியம் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துவிட்டு அறைக்குள் வந்தால் உள்ளேதான் நடுங்கும். பனிமூட்டம் கவிந்து சூரியனே வராத நாட்களில் அந்த மாடியும் இல்லை. துவைத்த பருத்திச் சட்டை இரண்டு நாளானாலும் காயாது. ஈரம் ஏறிய பருத்தி சூட்டைத் தாங்காது, கம்பளி நனைந்தாலும் ஓரளவு தாங்கும் என்பது பஞ்சாலை ஊர்க்காரனான எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்காரரிடம் ஜன்னலைச் சரிசெய்யச் சொன்னபோது அவர் சொன்னது: "ஆதத் ஹோ ஜாயேகி." பழகிடும். மொழி மாறினாலும் மனசு மாறவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் சமாளித்தேன். மூன்றாவதில் டீக்கடையில் நின்று புதிதாக வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். என் உடம்பு பழகிவிட்டது என்று நம்பினேன். உண்மையில் நடந்தது வேறு. சம்பளம் உயர்ந்திருந்தது. பஞ்சடைத்த கனமான ரஜாய் ஒன்று, உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி, பாத்ரூமில் கீஸர், அறையில் ஒரு ஹீட்டர், அதன் கரண்ட் பில்லைக் கட்டத் தெம்பு. தோல் அதே தோல்தான். பர்ஸ்தான் மாறியது.

அந்த மூன்றாவது நவம்பரில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்து சேர்ந்தான். சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்க. ஊரில் நிலத்தை ஒத்திக்கு வைத்து அனுப்பியிருந்தார்கள். நண்பனின் நண்பன் என்ற வகையில் என்னைப் பார்க்க வந்தான், பக்கத்துக் கட்டடத்தில் தரைத்தளத்தில் வெயில் எட்டிப் பார்க்காத ஓர் அறையை நான்தான் பேசி முடித்துக் கொடுத்தேன். வாடகை குறைவு என்று அவனுக்குச் சந்தோஷம். டிசம்பர் நடுவில் ஒருநாள், "அண்ணே, ராத்திரி தூங்கவே முடியலண்ணே, காலு மரத்துப் போகுது" என்றான். என் பதில் உங்களுக்குத் தெரியும். "மொத வருசம் அப்படித்தான்டா. பழகிடும்."

அவனிடம் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளமும் ஒரு மெல்லிய போர்வையும் என்று சொல்லியிருப்பான். ரஜாய் வாங்கும் காசுக்குப் புத்தகம் வாங்கியிருந்தான். வெந்நீர் இல்லாததால் துணி துவைப்பதையும் குளிப்பதையும் இரவு தாமதமாக, தண்ணீர் வரும் நேரத்தில் செய்துகொண்டிருந்தான். இதெல்லாம் ஜனவரியில், அவனுக்கு நிமோனியா வந்து வார்டில் படுத்திருந்தபோது ஒவ்வொன்றாக எனக்குத் தெரியவந்தது. குளிரால் மட்டுமே வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. ஈரமான அறை, அரைச் சாப்பாடு, தூக்கமின்மை எல்லாமும்தான் என்றார். எல்லாமும் நான் இருந்த தெருவில்தான் நடந்துகொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டான். பிப்ரவரியில் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

*

அதன்பிறகுதான் இந்தப் பழக்கம் என்பது என்ன என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அடுத்த முறை யாராவது பழகிடும் என்றால் உங்களிடம் பதில் இருக்கட்டும்.

உடம்பு வெயிலுக்கு நிஜமாகவே பழகும். ஒரு வாரம், இரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கும், வியர்வையில் போகும் உப்பு குறையும், இதயத் துடிப்பு நிதானப்படும். குளிர் விஷயத்தில் இதற்கு ஈடாக ஒன்றுமில்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, அடிக்கடி குளிர்பட்டவருக்கு நடுக்கம் குறைவது. தோலின் ரத்தக் குழாய்கள் முன்போல இறுக்கமாகச் சுருங்காது. குளிர் முன்போல உறைக்காது. நடுக்கம் என்பது உடம்பு சூடு உண்டாக்க ஓட்டும் மோட்டார். அது ஓடுவது குறைந்ததைத்தான் பழகிவிட்டது என்கிறோம். உடம்பு வென்றுவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை, முறையிடுவதை நிறுத்திக்கொண்டது என்றுதான் அர்த்தம். நம் வாட்ச்மேனைப் போல.

சரி, காலங்காலமாகக் குளிரில் வாழ்கிறவர்கள்? 1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஐரோப்பாவின் பல பகுதிகளை ஒப்பிட்ட யூரோவின்டர் ஆய்வு வந்தது. வெளியில் வெப்பம் ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் சாவு அதிகமாக ஏறியது பின்லாந்து போன்ற உறைபனி ஊர்களில் என்றுதானே நினைப்போம்? இல்லை, ஏதென்ஸ் போன்ற வெதுவெதுப்பான ஊர்களில்தான். காரணத்தையும் அவர்கள் அளந்திருந்தார்கள். வெளியே ஒரே 7 டிகிரி இருக்கும்போது ஏதென்ஸ் வீட்டுக் கூடத்தில் சராசரியாக 19.2 டிகிரி, தெற்கு பின்லாந்தில் 21.7. அதே 7 டிகிரியில் வெளியே போகும்போது தொப்பி போட்டவர்கள் ஏதென்ஸில் 100க்கு 13 பேர், தெற்கு பின்லாந்தில் 72 பேர். அடுத்த வருடம் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரைப் பற்றி இன்னோர் ஆய்வு வந்தது. மைனஸ் 48 டிகிரி வரை இறங்கியும் அங்கே குளிரோடு சேர்ந்து சாவு ஏறவில்லை. வீட்டுக்குள் சூடு, வெளியே போனால் அடுக்கடுக்காக உடையும் மேலே ரோமக் கோட்டும்.

யாகுட்ஸ்க்காரர் குளிருக்குப் பழகியவர் அல்லர். குளிரைத் தன்மேல் படவிடாதவர். உலகத்திலேயே குளிரை அதிகம் அறிந்தவர்கள்தான் பழக்கத்தை நம்புவதில்லை. கனடாவில் டொரன்டோ நகராட்சி விதி, குளிர்மாதங்களில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. புதிதாக வந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அதே 21, அங்கேயே பிறந்தவருக்கும் அதே 21. பழகிடும் என்று அந்த விதியில் எந்த வரியும் இல்லை.

*

வெளிநாட்டை விடுங்கள். நம் மேற்குச் சுவர் மலைதானே? அதிலேயே இந்தக் கதை எழுதப்பட்டிருக்கிறது.

ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். 1819இல் நீலகிரி ஏறினார். சில வருடங்களில் ஊட்டியில் தனக்கொரு கல்வீடு கட்டிக்கொண்டார். நம் சமவெளிச் சூட்டுக்கு வெள்ளைக்காரர்கள் "பழகிடுவோம்" என்று சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. மலையையே தங்கள் உடம்புக்கு ஏற்ற ஊராக மாற்றிக்கொண்டார்கள். பின்னாளில் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறியது. பங்களாக்களில் கணப்பு அடுப்பு வைத்துக் கட்டினார்கள். குளிர் அவர்களுக்கு ஆரோக்கியம்.

அதே குளிர்மலைகளுக்கு இன்னொரு கூட்டத்தையும் ஏற்றினார்கள். நம் கோவை மாவட்டத்தின் வால்பாறைக்குத் திருநெல்வேலியிலிருந்தும் மற்ற வறண்ட ஊர்களிலிருந்தும் தேயிலை வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் போனார்கள். ஆனைமலை எஸ்டேட்டுகளில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ஆங்கில நாவல் 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. உங்களில் பலர் அதைப் படித்திருப்பீர்கள், படிக்காதவர்கள் 'பரதேசி' படத்தின் வழியாக அறிந்திருப்பீர்கள். அந்த மக்களுக்கு யாரும் கணப்பு அடுப்பு கட்டவில்லை. கிடைத்தது லைன் வீடும் மழையும் அட்டையும்தான். இலங்கை மலையகத்திலும் இதுவே. அங்கே துரைமார் நம் கம்பளியை 'கம்ப்ளி' என்றே தங்கள் கணக்கில் எழுதினார்கள். அரிசிக்குப் பிடித்தம் போலக் கம்பளிக்கும் கூலியில் பிடித்தம். அதாவது குளிர் அவன் குடும்பச் செலவு.

1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காப்பதற்காகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி வழங்கும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்று அது சொன்னது. இந்தியச் சட்டத்தில் கம்பளி என்ற சொல் நுழைவதற்கு எத்தனை மார்கழி ஆகியிருக்கிறது! அந்தப் பிரிவை எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. குளிர் என்பது உடம்பின் பலவீனமன்று, வேலை செய்யும் இடத்தின் நிலைமை. நிலைமைக்குப் பொறுப்பு வேலை வாங்குபவருடையது. தேயிலைக் காட்டில் 1951இல் ஒப்புக்கொண்ட இந்த எளிய நியாயத்தை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

*

"18 டிகிரியில யாருங்க செத்துப்போறாங்க?" என்று கேட்பீர்கள். கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இது டெல்லி இல்லை. சமவெளியில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் வானிலைத் துறை அதைக் குளிர் அலை என்கிறது. நமக்கு அந்த அறிவிப்பு வரவே வராது என்றுகூடச் சொல்லலாம். ஆனால், 2015இல் 13 நாடுகளின் 7.4 கோடி மரணங்களை அலசி 'லான்செட்டில்' வந்த ஆய்வு, குளிரோடு தொடர்புடைய சாவுகளில் பெரும்பகுதி கடுங்குளிர் நாட்களில் விழுந்தவை அல்ல, மிதமான குளிர் நாட்களில் விழுந்தவை என்று காட்டியது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இந்த எண்ணை வைத்து உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது. ஒருவர் செத்தால்தான் கம்பளி கொடுப்போம் என்று எப்போது முடிவெடுத்தோம்? சாகவில்லை என்பது ஒரு வாழ்க்கைத் தரமா? அந்த 18 டிகிரியில் நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனையும் நிறுத்திப் படுக்கிறீர்கள். அவர் அதே 18இல், நோயாளி வயதில், அசையாமல், திறந்தவெளியில், பத்து மணி நேரம் உட்காருகிறார்.

இன்னொரு கேள்வி வரும். பழக்கம் என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எந்தக் கடையில் ரஜாய் மலிவு, உள்ளாடை எதில் இருக்க வேண்டும், சாக்ஸை எப்படிக் காய வைப்பது, தரைத்தள அறையை ஏன் எடுக்கக் கூடாது, அங்கீட்டியில் கரி மூட்டி அறையைச் சாத்திக்கொண்டு ஏன் தூங்கக் கூடாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கே குடும்பம் குடும்பமாக மூச்சடைத்துச் சாகும் செய்தி வருகிறதே, அந்தப் புகைதான். இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் இது தோலுக்குள் தானாக ஊறுவதில்லை. முன்னே வந்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்ல வேண்டியது. பழகிடும் என்ற சொல்லை நான் வெறுப்பதற்குக் காரணமே இதுதான். சொல்லிக்கொடுக்க வேண்டியவன் அதைச் சொல்லாமல் தப்பிக்கும் வழி அது. எனக்குத் தெரிந்த அத்தனையையும் அந்தத் தம்பிக்குச் சொல்ல ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அந்த ஒரு டீயை மிச்சம் பிடிக்கத்தான் நான் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னேன்.

புலம்பெயர்ந்து பனியைப் படம் பிடித்துப் போடுகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் பனி அழகுதான், மறுக்கவில்லை. அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஹீட்டர் ஓடுவதால்தான் அது அழகு. அடுத்த வருடம் உங்கள் ஊருக்கு வரப்போகும் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெட்டி கட்டுகிறான். கீழே இரண்டு வரி எழுதுங்கள், என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று. கவிதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

*

அசோசியேஷன் கூட்டம் முடிந்த இரவு, பல வருடம் கழித்துப் பரமக்குடித் தம்பிக்கு ஃபோன் செய்தேன். இப்போது ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. நிலத்தை மீட்டாச்சா என்று கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்து அந்த டிசம்பர் பேச்சுக்கு வந்தேன். நான் அன்னைக்கு உன்கிட்ட என்ன இருக்குன்னு கேட்டிருக்கணும்டா என்றேன்.

"அட விடுங்கண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க? எல்லாரும்தான் அந்த ஊர்ல இருக்காக. எனக்குத்தாண்ணே பழகல."

இத்தனை வருடமாக அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். வெயில் வராத அறையை மறந்துவிட்டான், ஜமுக்காளத்தை மறந்துவிட்டான், என்னை மன்னித்தே விட்டான். குற்றவாளி என்று அவன் கண்டுபிடித்தது தன் உடம்பை. பழகிடும் என்ற சொல் செய்யும் கடைசி வேலை இது. பழகாமல் போனால் அது பழகாதவனின் தப்பு.

வாட்ச்மேன் கூண்டுக் கதவு விஷயத்தைத் தை பிறந்ததும் பார்க்கலாம் என்று செக்ரட்டரி சொல்லியிருக்கிறார். தை பிறந்து மாசியானால் குளிரும் போய்விடும், கோரிக்கையும் போய்விடும், இது எல்லோருக்கும் தெரியும். கம்பளி இரண்டை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, கதவு இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்து நிற்பேன்.

உங்கள் தெருவிலும் ஒரு கேட் இருக்கும். உங்கள் ஹாஸ்டலுக்கும் இந்த வருடம் வெயில் ஊரிலிருந்து ஒருவன் வந்திருப்பான். குளிர்கிறது என்று அவன் சொன்னால், அவனிடம் கேளுங்கள்: "ராத்திரி போத்திக்க என்ன வச்சிருக்க?"